மரியாதைப் பன்மை

வாசல் கேட்டைப் பாதிக்குமேல் திறக்கவிடாமல் ஒரு காலால் தடுத்துக்கொண்டு நின்றான் மகன். நாற்பத்தாறு வயதுக்காரரை, சொந்தமாக டைல்ஸ் கடை வைத்திருப்பவரை, 'நின்றான்' என்று எழுதுவது மரியாதையில்லைதான். என்ன செய்வது? அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து அவன் 'அவன்'தான்.

"உள்ள போறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிடுங்க. அப்பா வச்ச கல்லு எப்படி இருக்கு?"

வெளியே நின்ற சின்ன சர்வேயர் தொப்பியைக் கழற்றினார். முப்பதைக் கொஞ்சம் தாண்டிய பெண்மணி. நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு, காலணியில் ஈரமண், கையில் இன்னும் சுற்றி முடிக்காத டேப். அளந்த கையோடு நேராக இங்கேதான் வந்திருந்தார்.

"தள்ளி இருக்கு, அண்ணா."

"எவ்வளவு?"

"முப்பது சென்டி. ஒரு அடின்னு வச்சுக்குங்களேன்."

"ஒரு அடிதானே?"

ஒரு சர்வேயரைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்வியா அது! சின்ன சர்வேயர் மீதி டேப்பைச் சுற்றினார். மகனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. குரலைத் தாழ்த்தினான்.

"இங்க பாருங்க. இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரியே வேணாம், வீட்டுலயே வச்சுக்குங்கன்னு அனுப்பிட்டாங்க. இந்த நேரத்துல போய் உங்க கல்லு தப்புன்னு சொன்னா அவரு தாங்குவாரா? கல்லு சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்புறம் நீங்க எங்க வேணும்னாலும் நட்டுக்குங்க. நான் கேக்கவே மாட்டேன்."

"அவரு யாரைப் போய்ப் பாக்கச் சொன்னாரு?"

"உங்களைத்தான்."

"ஏன் என்னை?"

மகன் கேட்டின் தாழ்ப்பாளைத் தடவினான். ஏன் என்று அவனுக்குத் தெரியும்.

"பொய் சொல்றதுக்கு வீட்டுலயே ஆள் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியும், அண்ணா," என்றார் சின்ன சர்வேயர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. மகன் காலை எடுத்துக்கொண்டான்.

விஷயம் முந்தின நாள் ஆரம்பித்தது. அப்பாவை, அதாவது பெரிய சர்வேயரை, பார்க்க வந்தவர்களில் ஒரு தையற்கடைக்கார அம்மாள் இருந்தார். நோயாளி முன்னால் என்ன பேசுவது என்று தெரியாமல் தன் வீட்டுக் கதையை எடுத்தார். பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் சுவர் எழுப்பப்போகிறார், பள்ளம் தோண்டியாயிற்று, நாளை மறுநாள் காலை கொத்தனார் வருகிறார், சுவர் வந்தால் தன் வீட்டுப் பின்கதவு முழுசாகத் திறக்காது, இடிக்கும், சரி, எல்லைக்கல் அங்கேதானே இருக்கிறது, நீங்களே வைத்த கல், யாரைக் குறை சொல்வது என்று பேசிக்கொண்டே போனார். அவர் போனபின் பெரிய சர்வேயர் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

"அந்தக் கதவு அன்னிக்கே இருந்துச்சே," என்றார். "அதைத் திறந்து வச்சுட்டு, கதவுக்கும் எல்லைக்கும் நடுவுல அளக்கிற முக்காலிய ஊனி நின்னேன். நான் நின்ன இடத்துல கதவு எப்படி இடிக்கும்?"

"ரொம்ப வருஷம் ஆச்சேப்பா. கதவை மாத்தியிருப்பாங்க."

"கதவை மாத்தலாம்டா. நான் நின்ன இடத்தை எப்படி மாத்துவே? அவங்களுக்குப் போன் போடு."

'அவங்க' என்றால் அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான்.

சின்ன சர்வேயர் இந்த ஊருக்கு வந்து வேலை தொடங்கிய புதிதில், ஒரு நடுப்பகலில், இதே கேட்டருகே வந்து நின்றார். ஒரு மனையின் மூலையில் பெரிய சர்வேயரின் கல் இருக்கிறது; தன் கருவி காட்டும் இடம் அதிலிருந்து நாலு விரல் தள்ளி வருகிறது; நீங்கள் எதை ஆதாரமாகப் பிடித்து அளந்தீர்கள் என்று கேட்டுப் போக வந்தேன் என்றார். பெரிய சர்வேயர் சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்துவிட்டார். ஏனென்றால் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் பழைய கல்லுக்குப் பக்கத்தில் தன் கல்லை நட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு தெருமுனையில் மூன்று கற்கள் கோணல் பற்களாக நின்றன. ஒருத்தர் கல்லுக்குப் பக்கத்தில் சொல்லாமல் இன்னொரு கல் நட்டால், போன ஆள் பொய்யன் என்று போர்டு எழுதி மாட்டியதுபோல என்பார் பெரிய சர்வேயர்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. பழைய கிணத்துத் திட்டைப் பிடிச்சு அளந்தேன். இப்ப அது இருக்கா?"

"தூர்த்துட்டாங்க, சார்."

"அப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்! தெரிஞ்சுக்க வந்தீங்க பாருங்க, அது பெரிசு."

அந்த முறை பெரியவர் கல் நின்றது. அடுத்த முறை வேறொரு மனையில் சின்னவர் சொன்னது சரியாக இருந்தது. பெரிய சர்வேயர் பேருந்து பிடித்துப் போய், மனைக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போதே, "அவங்க அளவுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிரவு சாப்பாடு இரண்டு பங்கு இறங்கியது. அதிலிருந்து ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். 'நீங்க சொல்றது', 'நீங்க பாத்தது' என்று ஒரே ங்க மயம். மகள் வயதுப் பெண்ணுக்கு! பக்கத்து அறையில் கணக்குப் பார்க்கும் மகனுக்கு அது காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

அவன் பெயர் அந்த வீட்டில் 'ஏறக்குறைய'. வாலிப வயதில் ஒரு நாள், மாடி அறை எவ்வளவு என்று அப்பா கேட்டதற்கு, "ஏறக்குறைய பத்துக்குப் பத்து" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அப்பா எழுந்துபோய் அளந்து பார்த்து வந்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அப்புறம் சர்வே வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கணக்கைவிட ஐந்து சதவீதம் கூடுதலாக வாங்கிப் போங்கள், உடையும், என்று சொல்லி விற்கிற தொழிலுக்குப் போனானா, பெயர் நிலைத்தே விட்டது. அப்பா அன்பாகத்தான் கூப்பிடுவார். அதுதான் சிக்கல். கோபமாகக் கூப்பிட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஒருமுறை அவன் அம்மாவிடம் புலம்பினான். "நேத்து வந்தவங்களுக்கு வாங்க போங்க. எனக்கு மட்டும் இந்த வயசுலயும் டேய்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடப்பாவி, எனக்கு மட்டும் என்ன சொல்றாரு? இந்த ஜென்மத்துல ஒரே ஒரு தடவைதான். இந்த வீட்டு மனையை அளந்தப்ப, டேப்போட அந்த முனையை என் கையில குடுத்துட்டு, 'இறுக்கிப் பிடிங்க'ன்னாரு. எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. கீழ போட்டுட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னாராம்?"

"கேட்டேனே. களத்துல நிக்கிறவங்களை வாடா போடான்னு கூப்பிடக் கூடாதாம். கூப்பிட்டா அவங்க கை நடுங்குமாம். கை நடுங்கினா கோடு நடுங்குமாம். டேப் பிடிக்க வர்ற கூலிக்காரங்களுக்கும் அங்க ங்கதான். நீயும் போய் ஒரு முனையைப் பிடி, கிடைக்கும்."

அவன் போகவில்லை. கேட்டு வாங்குகிற மரியாதை எதற்கு என்று இருந்துவிட்டான். நேரம் இருக்கிறது என்றும் நினைத்திருக்கலாம்.

இப்போது முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில், நான்கு தலையணைகளுக்குமேல் சாய்ந்து கிடந்தார் பெரிய சர்வேயர். மூச்சை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். மகனின் அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பின்புறக் குழாயடியில் அம்மா வாளியில் துணி அலசும் சத்தம் கேட்டது. டக், டக் என்று வாளி ஆடியது. அந்தக் குழாயடித் தரையை மகன்தான் தன் கடை டைல்ஸ் கொண்டு போட்டுக் கொடுத்திருந்தான். வாளி அன்றிலிருந்து ஆடுகிறது.

"கேட்டியா, ஏறக்குறைய ஆடுது," என்று காலையில்கூடச் சொன்னார் அப்பா.

சின்ன சர்வேயரைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகன் அதைப் பார்த்தான். பொறாமைப்பட இது நேரமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான், பொறாமை கேட்கவில்லை.

"வாங்க. உக்காருங்க."

"இருக்கட்டும், சார்."

"உக்காருங்க. நின்னுக்கிட்டே சொல்ற அளவை நான் நம்பறதில்ல."

சின்ன சர்வேயர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்து உட்கார்ந்தார். ஒருமுறை மகனைப் பார்த்தார். மகன் கையைப் பிசைந்தான்.

"சார், கல்லு தள்ளி இருக்கு. தையற்கடைக்காரம்மா பக்கமா, முப்பது சென்டி உள்ள."

அக்காவின் கை பாதத்தின்மேல் நின்றுவிட்டது. பெரிய சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, என்று நினைத்தான் மகன். அவன் பயந்தது இதற்குத்தான். ஆயுசு பூராவும் கல் நட்ட மனுஷர், கடைசி நாளில் இதைக் கேட்டுக்கொண்டா போகவேண்டும்? போர்வைக்குள் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவன் ஓடிப்போய்க் குனிந்தான்.

சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரியா முப்பதா?"

"சரியா முப்பது, சார். ஒரு நூல் கூட இல்ல, குறைய இல்ல."

"ஆறா, ஒன்பதா?"

"ஆறு. பத்து சென்டிக்கு ஒரு நம்பர்தானே, ஒன்பதுல வைக்க வேண்டியதை ஆறுல வச்சிருக்கீங்க."

"டேப் தலைகீழாக் கிடந்திருக்கு!" இருமல் வந்தது. மகன் தண்ணீர் எடுத்தான். அவர் கையால் தள்ளினார். "தலைகீழாக் கிடந்தா ஆறு ஒன்பதாத் தெரியும். பக்கத்து நம்பர்மேல மண்ணு ஒட்டியிருந்திருக்கும். பாக்காம முளையடிச்சிருக்கேன். இதுக்கு எத்தனை பேரைத் திட்டியிருக்கேன் நான்! அந்தச் சாபமெல்லாம் சேந்து வந்துடுச்சு."

"எனக்கும் ஒரு தடவை ஆயிருக்கு, சார்."

"தெரியும். நீங்க சொல்லல. ஆனா தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்யாண வீட்டில் சிரிக்கிறாற்போல இருந்தது. அக்கா மகனைப் பார்த்தாள். மகன் அக்காவைப் பார்த்தான். தங்களுக்குப் புரியாத ஏதோ ஒரு பாஷை அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

"கல்லை எடுத்துட்டீங்களா?"

"இல்ல, சார். உங்க கல்லு. உங்களைக் கேக்காம எப்படிக் கை வைக்கிறது?"

பெரிய சர்வேயர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையை அசைத்தார்.

"நாளைக்குக் காலையில கொத்தனார் வந்துடுவாரு. இன்னிக்கே மாத்திடுங்க. புது இடத்தை நீங்கதான் காட்டணும். ஆனா பழைய கல்லை நீங்க எடுக்கக் கூடாது. நீங்க எடுத்தா அது திருத்தம் இல்ல, எனக்கு மூக்கறுப்பு. எங்க வீட்டு ஆளு எடுக்கட்டும். டேய், ஏறக்குறைய."

"என்னப்பா."

"நீ போ."

"நான் எங்கயும் போகல. கடையில பசங்க இருக்காங்க, அனுப்பறேன்."

"டைல்ஸ் ஒட்டறவனை அனுப்பி என் தப்பை எடுக்கச் சொல்றியா? நீ போய் எடு. ரெண்டு வீட்டுக்காரங்களையும் நிக்க வச்சு, எங்கப்பா தப்பா நட்டுட்டாருன்னு வாயைத் திறந்து சொல்லு. ஏறக்குறைய தப்புன்னு சொல்லி வைக்காதே."

"நீங்க இப்படி இருக்கும்போது..."

"நான் என்ன எழுந்து ஓடவா போறேன்?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தம்பியை அறைமூலைக்கு இழுத்துப்போய்க் கிசுகிசுத்தாள். "போயிட்டு வாடா. நான் இருக்கேன். அம்மா இருக்கா. நீ மாட்டேன்னா இந்த மனுஷன் அதையே நினைச்சுட்டுக் கிடப்பாரு." அவன் மனைவியும் பிள்ளைகளும் வெளியூரிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்கள். அதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

கடப்பாரை பின்புறம் சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுக்க அவன் கட்டிலைக் கடந்து, சமையலறை வழியாகப் பின்வாசலுக்குப் போனான். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் போகமுடியாது. சமையலறை நிலையைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் மெலிதாகக் கேட்டது.

"போயிட்டு வாங்க."

சின்ன சர்வேயருக்குச் சொல்கிறார் என்று நினைத்தான். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தபோது, சின்ன சர்வேயர் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

தையற்கடைக்கார அம்மாள் வீட்டுப் பின்புறத்தில், தோண்டிய பள்ளத்தின் தலைமாட்டில், அந்தக் கல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஒரு பக்கம் பாசி படிந்திருந்தது. மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா நட்ட கல் ஒன்றை இவ்வளவு பக்கத்தில் போய் அவன் பார்த்ததே இல்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். அவன் தொண்டையைச் செருமினான்.

"எங்கப்பா... இந்தக் கல்லைத் தப்பா நட்டுட்டாரு. ஒரு அடி. அந்தம்மா இடத்துல வந்திருக்கு. மாத்தி வைக்க வந்திருக்கோம்."

சொல்லும்போது காது சுட்டது. அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். பேக்கரிக்காரருக்குச் சட்டென்று கோபம் வந்தது. நியாயம்தானே, பள்ளம் தோண்டிய செலவு அவருடையது.

"இத்தனை வருஷம் கழிச்சு என்ன திடீர்னு? யார் கண்டுபிடிச்சா? இந்தம்மா மெஷினா?"

"நான் இல்லீங்க," என்றார் சின்ன சர்வேயர். "பெரிய சர்வேயர்தான் கண்டுபிடிச்சாரு. படுத்த படுக்கையில இருந்தே கண்டுபிடிச்சாரு. நான் போய்ச் சரிபாத்தேன், அவ்வளவுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அதை அப்படிச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மகனுக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும்போல இருந்தது. பொறாமை எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஒரு அடிதானேங்க," பேக்கரிக்காரர் இறங்கிவந்தார். "ஏறக்குறைய இருந்துட்டுப் போகட்டுமே."

"ஏறக்குறையன்னு ஒருத்தன்தாங்க உண்டு. அது நான்தான்," என்றான் மகன். "கல்லு அப்படி இருக்கக் கூடாது."

பேக்கரிக்காரர் ஒன்றும் விளங்காமல் அவனைப் பார்த்தார். பிறகு, பெரியவர் சொல்லிவிட்டால் சரி, என்று ஒதுங்கிக்கொண்டார்.

கடப்பாரையைக் கல்லின் அடியில் கொடுத்து மகன் நெம்பினான். கல் அசையவில்லை. அப்பா ஆழமாகத்தான் நட்டிருந்தார். தப்பையும் அரைகுறையாகச் செய்யாத மனுஷர். சட்டை நனைய நனைய, சுற்றிலும் மண்ணைக் கிளறி, கடைசியில் கட்டிப்பிடித்துத் தூக்கி வெளியே போட்டான். அடிப்பாகம் ஈரமாக, வெளுப்பாக இருந்தது.

சின்ன சர்வேயர் தள்ளிப்போய் முக்காலியில் கருவியைப் பொருத்திவிட்டு, அவனிடம் ஓர் உயரமான கோலைக் கொடுத்தார். உச்சியில் கண்ணாடி. இடையில் சின்ன வட்டத்துக்குள் ஒரு நீர்க்குமிழ்.

"அந்தக் குமிழ் வட்டத்துக்கு நடுவுல நிக்கணும், அண்ணா. நின்னா கோல் நேரா இருக்குன்னு அர்த்தம். நான் சொல்ற பக்கம் நகருங்க. நான் சரின்னு சொல்ற வரைக்கும் அசையாதீங்க."

அவன் கோலைப் பிடித்தான். குமிழ் ஓடியது. இடது, கொஞ்சம் இடது, போதும், என்னைப் பாத்து ஒரு விரல், போதும், போதும். அவர் சொல்லச் சொல்ல நகர்ந்தான். கோலின் முனை ஓரிடத்தில் வந்து நின்றது. குமிழ் வட்டத்தின் ஓரத்தில் ஆடியது. மூச்சைப் பிடித்து அதை நடுவுக்குக் கொண்டுவந்தான்.

"அங்கயே. அசையாதீங்க."

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கவேண்டியதில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சின்மேலேயே அது துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. குமிழ் விளிம்புக்கு ஓடியது. ஒரு கையை எடுத்தால் போனை எடுத்துவிடலாம். எடுத்தால் கோல் சாயும். சாய்ந்தால் என்ன, மறுபடி பிடித்துக்கொள்ளலாமே. இதில் என்ன இருக்கிறது? அப்பா, அப்பா, என்று உள்ளே ஒருத்தன் கத்திக்கொண்டிருந்தான். வெளியே இரண்டு கையும் கோலைப் பிடித்திருந்தன. கண்ணிலிருந்து வழிந்தது மூக்கு வழியாக உதட்டுக்கு வந்தது, துடைக்கவில்லை. குமிழ் மெல்ல நடுவுக்கு வந்தது. வந்து நின்றது.

"சரி," என்றார் சின்ன சர்வேயர்.

கருவியின் வழியே அவர் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஓடிவந்து அவன் கையிலிருந்து கோலை வாங்கி, அந்த இடத்தில் முளையை அடித்தார். அப்புறம் தணிந்த குரலில் சொன்னார்.

"போனை எடுங்க, அண்ணா."

அக்காதான். "தூங்கறாருன்னு நினைச்சேன்டா. நீங்க போனதுக்கு அப்புறம் வாயே திறக்கல. நான் காலைத் தடவிட்டே இருந்தேன். கால் அப்படியே சில்லுன்னு..."

புதுக் கல்லை நட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். அவன்தான் அப்படிச் சொன்னான்.

மறுநாள் வீடு நிறைய ஆள். வாடகை நாற்காலிகள் தெரு வரைக்கும் போயிருந்தன. கூட வேலை பார்த்தவர்கள், பெரியவரிடம் மனை அளந்து வாங்கியவர்கள், பேக்கரிக்காரர், தையற்கடைக்கார அம்மாள் எல்லாரும் வந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து இளைய சர்வேயர்கள் நாலைந்து பேர் வெயிலில் சுவரோரமாக நின்றார்கள். அதில் ஒருவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் நட்ட கல்லுன்னா கண்ணை மூடிட்டு நம்பலாம், எல்லாமே சரியா இருக்கும்" என்றார்.

"ஒண்ணு தப்பு. நேத்து மாத்திட்டோம்," என்றான் மகன்.

அந்த இளைஞர் திகைத்துப்போய், பிறகு கையை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்து, வெயில் சாய ஆரம்பித்தபோது, சின்ன சர்வேயரின் வண்டி மறுபடி வந்து நின்றது. பின்பக்கக் கதவைத் திறந்தார். சாக்குமேல் அந்தப் பழைய கல் கிடந்தது.

"இதை அங்கயே விட்டுட்டு வரக் கூடாது, அண்ணா. யாராவது எடுத்துப் பழைய இடத்துலயே நட்டுடுவாங்க. என்ன செய்யறதுன்னு இனிமே உங்களைத்தான் கேக்கணும்."

"இங்கயே போட்டுடலாம். இறக்குங்க."

இரண்டு பேரும் தூக்கிப் பின்புறம் குழாயடிக்குக் கொண்டுவந்தார்கள். வாளி வைக்கிற இடத்தில் மகன் நேற்றிரவே டைல்ஸைப் பெயர்த்துவிட்டிருந்தான். ஏன் பெயர்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கல்லைப் படுக்கப்போட்டால் அந்தக் குழிக்கு அளவாக இருந்தது. கை மண்ணைத் தட்டிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி, அவன் கேட்டான்.

"நேத்து கிளம்பும்போது அப்பா உங்ககிட்ட, போயிட்டு வாங்கன்னு சொன்னாரே. கடைசியாப் பேசினது அதுதான். அதுக்கப்புறம் ஒண்ணுமே பேசலையாம். உங்ககிட்டன்னாலும் நல்லாத்தான் சொல்லியிருக்காரு."

சின்ன சர்வேயர் புருவத்தைச் சுருக்கினார்.

"என்கிட்டயா? எப்ப?"

"நான் கடப்பாரை எடுக்கப் பின்னாடி போனப்ப."

"இல்லையே, அண்ணா. நீங்களும் அக்காவும் மூலையில பேசிட்டிருந்தப்பவே நான் வெளியில போயிட்டேனே. என்கிட்ட சொன்னது, 'பாத்துச் செய்யுங்க'ன்னு மட்டும்தான். நீங்க பின்னாடி போனப்ப நான் தெருவுல வண்டியைத் திருப்பிட்டு இருந்தேன். ரூம்ல யாரு இருந்தா?"

மகன் யோசித்தான். அக்கா கால்மாட்டில் இருந்தாள். அவள் எங்கேயும் போகவில்லை. அம்மா இங்கே, இதே குழாயடியில் இருந்தாள். போனது ஒருவன்தான். களத்துக்குப் போனது ஒருவன்தான்.

சின்ன சர்வேயர் அவன் முகத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

அவன் பெயர்த்துப் போட்ட மண்ணை இரண்டு கையாலும் வாரி எடுத்துவந்தான். பிறகு உட்கார்ந்து, கல்லைச் சுற்றி மண்ணை அணைத்து, கையால் குத்திக் கெட்டிப்படுத்தினான். வாளியைக் கழுவி, தண்ணீர் பிடித்து, கல்லின்மேல் தூக்கி வைத்தான். விளிம்பில் ஒரு விரல் வைத்து அழுத்தினான். டக் என்றது, முன்னைவிடக் குறைவாக. ஏறக்குறைய நின்றுவிட்டது.

மகன் வாளியை இறக்கி வைத்துவிட்டு மீண்டும் குனிந்தார். கல்லை ஒரு நூல் அளவு நகர்த்தினார்.